என் கணக்கில் இருந்த ரோவீனாவின் பணம்

பேரோ, இங்கிலாந்து,
ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உறையைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று ஆகியிருக்கும். இடுப்புவலி வழக்கம்போல் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை விட முடிவதில்லை, மற்றபடி சுகம். நீயும் மாப்பிள்ளை கேலமும் அங்கே டனீடினில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். நியூசிலாந்தில் உங்களுக்கு இப்போது குளிர் தொடங்கியிருக்கும், ஆஸ்பத்திரி வேலை முடிந்து அந்த மேட்டுத் தெருவில் தனியாக நடந்து வராதே, அவரைக் கார் கொண்டுவரச் சொல். இங்கே பொழுது சாயவே மாட்டேன் என்கிறது, பின்சந்தில் பிள்ளைகள் பந்து உதைக்கிற சத்தம் இந்த நிமிடமும் கேட்கிறது, எழுதுகிற மேஜையே அதிர்கிறது.

போன அக்டோபரிலிருந்து நான் உன்னிடம் சரியாகப் பேசவில்லை என்று உனக்கு வருத்தம், எனக்குத் தெரியும். நீ பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் சொன்னேன். பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பணத்தை அப்படியே திருப்பி அனுப்பினேன், ஏன்ம்மா என்று கேட்டதற்கு இப்போதைக்கு எதுவும் அனுப்பாதே என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். அது கோபம் இல்லை கண்ணு, பயம். உதவித்தொகை அலுவலகம் என் வங்கிக் கணக்கைத் தோண்டிக்கொண்டிருந்தது. நான் ஏமாற்றுக்காரி என்று எழுதி வைத்திருந்தார்கள். போன மாதம்தான் அதற்கு ஒரு முடிவு வந்தது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், நிதானமாகப் படி.

நீ அங்கே போன பிறகு நம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவள் ரோவீனா. முப்பத்துமூன்று முப்பத்துநான்கு வயது இருக்கும். புருஷன் கிரெய்க் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை, நல்ல சம்பளம், தெருவில் பார்த்தால் எல்லாரிடமும் சிரித்துப் பேசுவான், என் குப்பைத் தொட்டியைக்கூட இழுத்து வைத்துக்கொடுப்பான். எல்சி என்று நாலு வயதுப் பெண் குழந்தை. ரொம்ப நாள் வரைக்கும் எனக்கும் ஒன்றும் தெரியாது. நம் வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்று உனக்குத் தெரியுமே, அந்தச் சுவர்தான் எனக்குச் சொன்னது. அவன் கத்தமாட்டான் டெஸ்ஸா, தாழ்ந்த குரலில் கேட்பான். கடையில் ஏன் இரண்டு பவுண்டு கூடுதல், ரசீது எங்கே, பஸ்ஸில் போனாயா, யாரைப் பார்க்கப் போனாய். அவள் கணக்கு அவன் போனில்தான் இருந்தது, அவள் ஒரு காபி வாங்கினால் அவன் சட்டைப்பையில் மணி அடிக்கும். அவள் பேருக்கு வரும் தபாலையும் அவன்தான் பிரிப்பான். அடி விழுந்ததும் உண்டு. அதை அவள் சொல்லவில்லை, கோடை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு துணி உலர்த்தியதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

அவள் அப்பா வில்ஃப் கிர்க்பி, ரேம்சைடில் படகு வைத்திருந்த கிழவர். மகளைப் பார்க்க வருகிறேன் என்று வந்தால் அங்கே உள்ளே பத்து நிமிடம், அப்புறம் என் சமையலறையில் ஒரு மணி நேரம். டீயைக் குடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சுவரையே பார்த்திருப்பார். நுரையீரலில் புற்று என்று தெரிந்த பிறகு ஒருநாள் வந்து, படகை விற்றாயிற்று என்றார். “ரோவீனா பேருக்குப் போட்டா அன்னைக்கே அவன் கைக்குப் போயிடும். அவ என்னைக்காவது அந்தப் பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்புவா. அன்னைக்கு அவ கையில காசு இருக்கணும். நீங்க வெச்சிருங்க ஹேசல், எனக்கு வேற யாரும் இல்ல” என்றார். நான் முடியாது என்று எப்படிச் சொல்வேன்? மொத்தம் பதினேழாயிரம் பவுண்டு என் சேமிப்புக் கணக்குக்கு வந்தது. அடுத்த மாதமே அவர் போய்விட்டார். அந்தக் கணக்கில் அதற்கு முன்னால் இருந்தது என் சவச்செலவுக்கு எடுத்து வைத்த கொஞ்சம்தான். ரோவீனாவுக்கு விஷயம் தெரியும், எனக்குத் தெரியும், வேறு ஒருவருக்கும் தெரியாது. அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பணமாக இருந்தால்தானே சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் வங்கிகளே உதவித்தொகை வாங்குகிறவர்கள் கணக்கைப் பார்த்து அரசாங்கத்துக்குச் சொல்லும் என்று செய்தியில் அடிபட்டது. உன் மாமா கிளைவ் இங்கே உட்கார்ந்து மீனும் சிப்ஸும் தின்றுகொண்டே, “மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்? பார்க்கட்டுமே, ஒழுங்கா இருக்கறவங்களுக்கு என்ன வந்தது” என்றான். என் மடியில் கனம் இருந்தது, அது இன்னொருத்தியின் கனம். அவனிடம் அதைச் சொல்லவும் முடியாது, அவனுக்குச் சொன்னால் கிளப் முழுக்கச் சொன்னமாதிரி.

செப்டம்பர் கடைசியில் கடிதம் வந்தது. உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இருக்கலாம் என்று வைத்திருக்கிற சேமிப்பு வரம்பை என் கணக்கு தாண்டியிருக்கிறதாம், விசாரணை முடிகிறவரை உதவித்தொகை நிறுத்தப்படுகிறதாம், வீட்டு வாடகைக்கு வருவதும் சேர்த்து. இன்ன தேதிக்கு ஆஜராக வேண்டும், நான் சொல்வது பதிவு செய்யப்படும், வேண்டுமானால் வக்கீலோடு வரலாம் என்று போட்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஈரத்துணி சுமந்து இடுப்பு போன பிறகு வாங்குகிற பணம் அது, நான் யாரிடமும் கையேந்தி வாங்கவில்லை, ஆனாலும் அந்தக் கடிதத்தைப் படித்தபோது திருடும்போது பிடிபட்டவளைப்போல் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டேன். வக்கீலுக்கு எங்கே போவேன், தனியாகத்தான் போனேன்.

லாங்டன் என்று ஒரு ஆள். உன் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினான், நாற்காலியை இழுத்துப்போட்டான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். அந்த மரியாதைதான் என்னை அதிகம் நடுக்கியது. என் கணக்கை மேஜைமேல் பரப்பி வைத்திருந்தான், நான் எந்தக் கடையில் என்ன வாங்கினேன் என்பதெல்லாம் மஞ்சள் மையில் கோடு போட்டு. “மாசாமாசம் பூனைத் தீனி வாங்கறீங்க. ஆனா வீட்டுல பிராணி எதுவும் இல்லன்னு எழுதியிருக்கீங்களே” என்றான். முள்ளெலிக்கு என்றேன். “என்னது?” என்றான். “பின்பக்கம் ஒரு முள்ளெலி வருது, அதுக்குப் பசிக்கும்ல” என்றேன். அதையும் எழுதிக்கொண்டான். நியூசிலாந்திலிருந்து வரும் பணம் யாருடையது, அது சம்பளமா, நீங்கள் அவருக்கு ஏதாவது வேலை செய்கிறீர்களா என்று உன்னைப் பற்றியும் கேட்டான். என் மகள் என்றேன். மகள் என்றால் ஏன் ஒவ்வொரு தடவையும் ஒரே தொகை இல்லை என்றான். இதற்கு என்ன பதில் சொல்வது, நீயே சொல்.

அப்புறம் அந்தப் பதினேழாயிரத்துக்கு வந்தான். “இந்த டபிள்யூ. கிர்க்பி யாரு மிஸஸ் ஹோல்ட்?” தெரிந்தவர், செத்துப்போய்விட்டார் என்றேன். “என்ன உறவு?” உறவில்லை. “உறவில்லாத ஒருத்தர் இவ்வளவு பெரிய தொகையை உங்களுக்கு எதுக்குக் குடுக்கணும்?” எனக்குக் கொடுக்கவில்லை, வைத்திருக்கச் சொன்னார். “யாருக்காக?” நான் அந்த மஞ்சள் கோடுகளையே பார்த்தேன். அவன் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தீங்களா? தப்பா நினைக்காதீங்க, வழக்கமாக் கேக்கற கேள்விதான்” என்றான். உன் அப்பா போய்ச்சேர்ந்த பிறகு இந்த வீட்டில் ராத்தங்கிய ஒரே ஆண் உன் மாமாதான், அதுவும் நடக்க முடியாமல் குடித்துவிட்டு வந்த கிறிஸ்துமஸ் அன்றைக்கு. என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் எழுந்து வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் சொன்னால் என்ன நடக்கும்? அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் போகும், அந்தக் கடிதத்தை யார் பிரிப்பான்? அதனால், “பேரு சொல்ல முடியாது, சொன்னா ஒரு உயிருக்கு ஆபத்து” என்றேன். இப்படி எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பானோ, அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. “சரி, நாங்களே விசாரிச்சுக்கறோம். அவரோட வாரிசு யாருன்னு பார்த்து அவங்களுக்கே எழுதிக் கேக்கறோம்” என்றான்.

வில்ஃபுக்கு வாரிசு ஒருத்திதான். வேண்டாம், எழுதாதீர்கள், கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சக் கெஞ்ச அவனுக்குச் சந்தேகம் கூடியது, அது எனக்கே தெரிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. வெளியே வந்து நேராக நூலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இலவச ஆலோசனை அலுவலகத்துக்குப் போனேன். ஹுமைரா என்று ஒரு பெண், அவளிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அடுத்தவருக்காக வைத்திருக்கும் பணம் சட்டப்படி உங்கள் சேமிப்பில் சேராது, ஆனால் அடுத்தவர் யார் என்று நிரூபிக்க வேண்டும் என்றாள். அதற்குள் அந்தக் கடிதத்தை நிறுத்தப் பார்க்கிறேன் என்று போனை எடுத்தாள். வரிசையில் காத்திருந்து, பாட்டு கேட்டு, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறி, இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்குப் பதில் கிடைத்தது. எனக்குக் கூப்பிட்டபோது அவள் குரலே சரியில்லை. “ஹேசல், அது இன்னைக்குக் காலைல தபால்ல போயிடுச்சு” என்றாள்.

அன்று வியாழக்கிழமை. கிரெய்க் பகல் வேலையில் இருந்தான். நான் இடுப்பையும் மறந்து பின்சந்து வழியாக ஓடி அவள் கதவைத் தட்டினேன். ரோவீனா மாவுக் கையோடு வந்தாள், எல்சிக்கு ஆப்பிள் பலகாரம் செய்துகொண்டிருந்தாள். நின்ற வாக்கிலேயே சொன்னேன். முதலில், “அது உங்க பணம்னு சொல்லிடுங்க, எனக்கு வேண்டாம், நீங்களே வெச்சுக்கங்க” என்றாள். அப்படிச் சொன்னால் நான் ஏமாற்றினேன் என்று ஆகும், வாங்கினதையெல்லாம் கட்டச் சொல்வார்கள், ஆனாலும் உனக்காக அதைச் சொல்கிறேன், ஆனால் கடிதம் கிளம்பிவிட்டதே, நான் என்ன சொன்னாலும் அது வரும் என்றேன். அப்படியானால் தபால்காரரைத் தெருமுனையில் நிறுத்தி வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அவன் வீட்டில் இருக்கும் நாளில் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். எல்சி மேஜைக்கடியில் கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். ரோவீனா குனிந்து அவளைப் பார்த்தாள், அப்படியே உட்கார்ந்து அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் அழவில்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், விரல் விரலாகக் கழுவினாள். “எல்சி ஸ்கூல் சேர்ந்தப்புறம் போலாம்னு இருந்தேன். அதுக்கு முன்னாடி அப்பாவோட வருஷ நாள் கழியட்டும்னு இருந்தேன். எப்பவும் ஏதாவது ஒண்ணு இருந்துட்டே இருந்துச்சு” என்றாள். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்குக் காலைல அவர் வேலைக்குப் போனதும் நான் கிளம்பறேன். நான் போனப்புறம் என் பேரச் சொல்லுங்க ஹேசல். தாராளமாச் சொல்லுங்க” என்றாள்.

ஹுமைராதான் பெண்கள் தங்கும் பாதுகாப்பு இல்லம் ஒன்றில் இடம் பிடித்தாள். எந்த ஊர் என்று என்னிடம் சொல்லாதே என்று நானே சொன்னேன், தெரியாததை யாரும் என் வாயிலிருந்து பிடுங்க முடியாதல்லவா. கார் வேண்டுமே, அதனால் கடைசியில் உன் மாமாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. நான் பயந்துகொண்டே சொன்னேன், அவன் தலையைத் தொங்கப்போட்டுக் கேட்டான், ஒரு கேலி வார்த்தை பேசவில்லை. “எத்தனை மணிக்கு வரணும்?” என்று மட்டும் கேட்டான். மறுநாள் காலை கிரெய்க்கின் வண்டி தெருமுனை திரும்பியதும் கிளைவ் பின்சந்தில் காரை நிறுத்தினான். அவள் கொண்டுவந்தது ஒரு பையும் குழந்தையும்தான். போனை மைக்ரோவேவ் மேலேயே வைத்துவிட்டு வந்தாள், அதில் இருக்கும் ஏதோ ஒன்று அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குக் காட்டுமாம். என்னைக் கட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை, காருக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாக என் கையை ஒரு தரம் பிடித்து விட்டாள், கை ஐஸாக இருந்தது. அன்று முழுக்க நான் நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, தபால்காரர் எந்த வீட்டில் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீட்டில் நிற்கவில்லை. சாயங்காலம் கிரெய்க் வந்தான், உள்ளே போனான், அலமாரிகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் சத்தமே இல்லை. அந்த அமைதியில் நான் ரேடியோகூடப் போடாமல் இருந்தேன்.

சனிக்கிழமை தபால் வந்தது. தபால்காரர் போன கொஞ்ச நேரத்தில் என் வாசல் மணி அடித்தது. திறக்கவில்லை. கிரெய்க் கதவில் தபால் போடும் துவாரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு பேசினான், எனக்கு அவன் வாய் மட்டும் தெரிந்தது. முதலில் தேன் ஒழுகியது. “ஹேசல், ஒரு நிமிஷம் கதவத் தொறங்க. அவளுக்கு மனசு சரியில்ல, உங்களுக்குத் தெரியாது, குழந்தைய வேற கூட்டிட்டுப் போயிருக்கா.” நான் கூடத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைத் துவாரத்துக்குள் நுழைத்து ஆட்டினான். “பதினேழாயிரம். இதுல போட்டிருக்கு. என் பொண்டாட்டி பணத்த எத்தன நாளா நீ வெச்சிருக்க? திருடிக் கிழவி, சர்க்காரே உன்னப் புடிச்சிருச்சு பார்த்தியா. எங்க அவ?” “எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் உன்கிட்ட சொல்ல மாட்டேன். போலீசுக்குப் போன் போட்டாச்சு” என்றேன். கதவை உதைக்க ஆரம்பித்தான், மேல்கீல் பிய்ந்து வந்தது, கூடத்துக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள், ஆனால் யாரும் கிட்டே வரவில்லை, அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனபோது நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். நீ அன்றைக்குத்தான் போன் செய்தாய். மழை பெய்கிறதா என்று கேட்டாய், பெய்கிறது என்றேன்.

அதற்குப் பிறகு கோர்ட் அவனை எங்கள் தெருப்பக்கம் வரக்கூடாது, ரோவீனாவைத் தேடக்கூடாது என்று கட்டுப்படுத்தியது, அவன் வேறு பக்கம் வீடு பார்த்துப் போய்விட்டான். ஆனால் என் பாடு தீரவில்லை. நான் அவள் பெயரைச் சொன்னேன், போலீஸ் கொடுத்த வழக்கு எண்ணையும் சொன்னேன், அலுவலகம் அசையவில்லை. முதலில் சொல்லாமல் இப்போது சொல்கிறீர்களே, நடுவில் கதை கட்டிவிட்டீர்கள் என்ற அர்த்தத்தில் பதில் வந்தது. நிறுத்தினது நிறுத்தினதுதான், அதோடு அந்தப் பணம் வந்த நாளிலிருந்து இரண்டு வருடமாக வாங்கினதைத் திருப்பிக் கட்டு என்றார்கள். ஹுமைரா மேல்முறையீடு போட்டாள். தீர்ப்பு வருகிறவரை அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள், ரோவீனாவுக்குக்கூட அனுப்பாதீர்கள், ஒளிக்கிறீர்கள் என்று ஆகிவிடும் என்றாள். இதுதான் எனக்கு ஆறவே இல்லை டெஸ்ஸா. எதற்காக அந்தக் கிழவர் படகை விற்றாரோ அந்த நாள் வந்துவிட்டது, அவள் எங்கோ ஒரு அறையில் கையில் காசில்லாமல் குழந்தையோடு இருக்கிறாள், இங்கே என் கணக்கில் அவள் பணம் சும்மா கிடக்கிறது, நானும் ஹீட்டர் போடக் காசில்லாமல் கோட்டுப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இல்லாதவர்களுக்குத் தேவாலயத்தில் இலவசமாக மளிகை கொடுக்கும் உணவு வங்கியில் முதல் தடவை வரிசையில் நின்றபோது தலையில் முக்காடு போட்டுக்கொண்டேன், அப்படியும் எனக்கு முன்னால் நின்றவள் என்னோடு சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினோம். வீட்டுக்காரர் வாடகைப் பாக்கிக்கு இரண்டு தடவை எச்சரிக்கை அனுப்பினார், கிளைவ் தன் மோட்டார் சைக்கிளை விற்று அதைக் கட்டினான், என்னிடம் சொல்லாமல். ரோவீனா ஒரே ஒரு தடவை, நான் ஹுமைராவின் அலுவலகத்தில் இருந்தபோது, அங்கே போன் செய்தாள். “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, பொறுத்துக்கறேன். இங்க கடைக்குப் போயிட்டு வந்தா யாரும் ரசீது கேக்கறதில்ல ஹேசல்” என்றாள்.

போன மாதம் விசாரணை நடந்தது. நீதிபதி ஒரு பெண், மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு எல்லாக் காகிதத்தையும் தானே படித்தாள். படகை வாங்கின ஆளை ஹுமைரா தேடிப் பிடித்திருந்தாள், விற்றபோது வில்ஃப் மகளுக்காக என்று தன்னிடம் சொன்னதை அவர் எழுதிக் கொடுத்திருந்தார். ரோவீனா எங்கே இருக்கிறாள் என்று தெரியாதபடி போனில் பேசினாள். அப்பா தன்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள். அலுவலகத்துக்காக வந்தவர், “எந்திரம் எடுத்துக் குடுத்ததைத்தான் நாங்க சரிபார்த்தோம். யார்மேலயும் எங்களுக்குத் தனிப்பட்ட சந்தேகம் இல்ல” என்றார். அதற்கு நீதிபதி, வாரிசுக்குக் கடிதம் எழுதியதும் எந்திரமா என்று கேட்டாள். அவர் காகிதங்களைப் புரட்டினார். பிறகு நீதிபதி என் பக்கம் திரும்பி, “முதல் நாளே அந்தப் பேரச் சொல்லியிருந்தா உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காதே, ஏன் சொல்லல?” என்று கேட்டாள். “அது என் ரகசியமா இருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேம்மா. அடுத்தவளோடத நான் எப்படி எடுத்துக் குடுக்கறது?” என்றேன். அவள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு எழுதினாள். எங்களை வெளியே உட்காரவைத்து மறுபடியும் கூப்பிட்டாள். அந்தப் பணம் ரோவீனாவுடையது, நான் வெறும் காவல், நிறுத்தின எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பு. கிளைவ் அங்கேயே கைதட்டிவிட்டான், காவலாளி முறைத்தார்.

பணம் வந்துவிட்டது, வாடகைப் பாக்கி தீர்ந்தது, மாமாவுக்கும் கொடுத்துவிட்டேன், வாங்கமாட்டேன் என்று அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு வாங்கிக்கொண்டான். அலுவலகத்திலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது, திருத்தம் செய்யப்பட்டது என்று. மன்னிப்பு என்ற வார்த்தை அதில் எங்கும் இல்லை, நான் இரண்டு தடவை தேடினேன். இனிமேலும் கணக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். கடையில் கார்டை நீட்டும்போது இப்போதும் யாரோ தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுபோல் எனக்குக் கழுத்து கூசுகிறது, இது போகுமா போகாதா தெரியவில்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமை ரோவீனா கூப்பிட்டாள், புது எண்ணிலிருந்து. அவள் பேருக்கு மட்டும் ஒரு கணக்குத் திறந்திருக்கிறாள், அவள் பணத்தை அன்றே அனுப்பிவிட்டேன். “கார்டு வந்துடுச்சு ஹேசல். ரகசிய எண் நானே வெச்சேன். என்னன்னு மட்டும் கேக்காதீங்க, உங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிச் சிரித்தாள். இத்தனை வருடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள், அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கேட்கவில்லை, நீயே வைத்துக்கொள் தாயே என்றேன்.

ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். கிரெய்க்கின் தங்கை, ஜோடி என்று பேர், பள்ளியில் உன்னோடு படித்தவள், இன்றைக்கும் உன் ஃபேஸ்புக்கில் இருக்கிறாள். உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்கள், பக்கத்து வீட்டு ரோவீனாவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று நயமாகக் கேட்பாள். அவள் நல்ல பெண்ணாகவே இருக்கலாம், இருந்தாலும் அம்மா சௌக்கியம் என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசாதே. இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடு, கேலமிடம் வாயால் சொன்னால் போதும்.

நீயும் அவரும் ஒருவருக்கொருவர் கண்ணாகவும் கதவாகவும் இருங்கள், நோய்நொடி இல்லாமல், மனசில் பயமில்லாமல் நூறாண்டு வாழுங்கள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
ஹேசல்